மாஸ்டர் ஊட்டு வவுத்துவலி

தள்ளி உக்காருங்க தம்பி, அந்தச் சேரு ஒரு பக்கமா ஆடுது. இப்பத்தான் ஒரு அம்மா விழப் பாத்துச்சு. இப்படி எம்பக்கத்துல வந்துருங்க. பையைக் கீழ வெச்சுக்கலாம், நான் பாத்துக்கறேன்.

யாருக்குங்க ஆப்பரேசன்? அப்பாருக்கா. குடலெறக்கமா. அதுக்கு ஏனுங்க மூஞ்சியை இப்படி வெச்சிருக்கறீங்க? எங்கூர்ல அதைப் பண்ணிக்கிட்டவரு ஒருத்தரு இன்னிக்கும் தென்னமரம் ஏறிக்கிட்டு இருக்காரு. சன்னலோரக் கட்டல்ல ஒல்லியா, துண்டைச் சுருட்டித் தலைக்கு வெச்சுப் படுத்திருக்காரே, அவருதானுங்களா? அப்ப நம்ம ஒரே வார்டு. எங்கூட்டம்மா அதுக்குப் பக்கத்துக் கட்டலு. அவளைச் சித்த முன்னாலதான் உள்ள கூட்டிட்டுப் போனாங்க. அடுத்தது உங்க அப்பாருதான். நீங்க இப்பத்தான் பஸ்ஸை விட்டு எறங்கி வர்றீங்களாட்ட இருக்குது.

என்ற பேரு நாச்சிமுத்துங்க. அந்தியூருப் பக்கம் வந்து சமையல் மாஸ்டர் நாச்சிமுத்துன்னு கேட்டுப் பாருங்க, சின்னக் கொழந்தைகூட வழி காட்டும். நீங்க எந்தூரு? காஞ்சிக்கோயிலா. போன தை மாசம் உங்கூர்ல பெரிய மண்டபத்துல ஒரு கல்யாணம் நடந்துதே, பருப்பு ஒப்புட்டுக்கு வந்த ஒறம்பரையெல்லாம் சண்டை போட்டுக்கிட்டாங்களே, அது நம்ம கை. நெய்யை மேல தடவறதில்லீங்க நானு. நெய்யிலயே முக்கி எடுக்கறது. அந்தக் கல்யாணத்துக்கு நீங்க வரலியா. போகட்டும் விடுங்க, உங்களுக்குக் குடுப்பினை இல்ல.

உள்ள இருக்கறது என்ற ஊட்டுக்காரி மயிலாத்தா. பித்தப்பையில கல்லு. வவுத்துல சின்னச் சின்னதா ஓட்டை போட்டு, கேமராவை உள்ள விட்டு, டி.வி.யில பாத்துக்கிட்டே பையையே வெட்டி எடுத்துருவாங்களாம். அதெல்லாம் நல்லாத்தான் பண்றாங்க. ஆனா கல்லு இருக்குதுன்னு கண்டுபுடிக்க இவங்களுக்கு ஒரு வருசம் ஆச்சுங்க. முழுசா ஒரு வருசம். அவ்வளவு படிச்சவங்க, அவ்வளவு மெசினு. இந்தக் கூத்தை யாருகிட்டயாவது சொன்னாத்தான் என்ற மனசு ஆறும். கேளுங்க.

எங்களுக்குப் புள்ளை குட்டி இல்லீங்க. அவளுக்கு நானு, எனக்கு அவ. கல்யாணமான நாள்ல இருந்து ஒரு வழக்கம் வெச்சிருக்கறேன். புதுசா ஒரு ஐட்டம் புடிச்சேன்னா மொதக் கரண்டி மயிலாத்தாளுக்குத்தான். அவ வாயில போட்டுத் தலையாட்டுனாத்தான் அது பந்திக்குப் போகும். இன்னிவரைக்கும் ஒன்னையும் அவ வேண்டாம்னு சொன்னதில்லீங்க. அப்படி ஒரு பொம்பளையை நீங்க பாக்க முடியாது.

போன வைகாசியில ஒரு சீருக்கு நெய்ச்சோறு பண்ணலாம்னு ரோசனை. தண்ணியே இல்லாம தேங்காப்பால்லயே வேக வெச்சு, முந்திரியை நெய்யில வறுத்துக் கொட்டி, எறக்கறப்ப இன்னொரு கரண்டி நெய். வெடியால ஊட்டுல ஒரு படி போட்டுப் பாத்தேன். தட்டுல வெச்சுக் குடுத்தா, "கொஞ்சமாப் போதுங்க மாமா"ங்கறா. என்னடி இது, ருசி பாக்கறவ கோழியாட்டக் கொத்துனா ஆச்சான்னு ரெண்டு கரண்டி எச்சாவே வெச்சேன். சாப்பிட்டா. நல்லா இருக்குன்னுதான் சொன்னா. சித்த நேரங்கழிச்சுப் பாக்கறேன், ஊட்டுக்குப் பின்னால பொடக்காலியில செவுத்தைப் புடிச்சுக்கிட்டுக் குனிஞ்சு நிக்கறா. வலது பக்கம் விலாவுக்குக் கீழ புடிக்குதாம். அங்கிருந்து முதுகுக்கு ஏறித் தோள்பட்டையில குத்துதாம். அப்பறம் தின்னதெல்லாம் வாந்தி.

எனக்குத் தலையில இடி விழுந்த மாதிரி ஆயிருச்சுங்க. அவளுக்கு வலிக்குதேன்னு ஒரு பக்கம். இன்னொரு பக்கம் யோசிச்சுப் பாருங்க. தச்சன் ஊட்டுக் கட்டலு ஆடலாம். டெய்லரு சட்டையில பொத்தான் இல்லாம இருக்கலாம். ஆரும் ஒன்னுஞ் சொல்ல மாட்டாங்க. ஆனா சமையல் மாஸ்டர் ஊட்டுல வவுத்துவலின்னா? அடுத்த முகூர்த்தத்துக்கு ஒருத்தன் வந்து வெத்தலை பாக்கு வெப்பானுங்களா? அதனால அவகிட்டச் சொன்னேன், "அம்மிணி, ஆரு கேட்டாலும் முதுகுவலின்னு சொல்லிரு, முதுகும் வலிக்குதல்ல, அதொன்னும் பொய் இல்லையே"ன்னு. சரின்னுட்டா. பக்கத்தூட்டு அக்கா ஒருத்தி தைலமெல்லாம் கொண்டாந்து முதுகுக்கு நீவி விட்டுச்சு. பாவம், நல்ல மனசு.

எங்கூரு டாக்டரு கேஸ் டிரபிள்னு சொல்லி மாத்திரை குடுத்தாரு. நான்தான் கேஸ்னு சொன்னேன், அவரும் அதையே சொன்னாரு. மாத்திரை தின்னா ரெண்டு நாளைக்கு நல்லா இருக்கும். நான் விசேசம் முடிச்சுட்டுச் சட்டியோட கொண்டாந்து அவளுக்கு வெக்கறப்பத் திரும்ப வந்துரும். அந்த வலிக்கு நேரங்காலமே தெரியாதுங்க. சரியா சாப்பாட்டு நேரத்துல வந்து தொலையும்.

அப்பறந்தான் ஈரோட்டுக்குக் கூட்டியாந்தேன். இதே டாக்டரம்மாதான், உள்ள இருக்கறாங்களே. எனக்குப் பொண்ணு இருந்தா அந்த வயசுதான் இருக்கும். "எங்கம்மா வலிக்குது?"ன்னாங்க. நான் என்ற வவுத்துல கையை வெச்சு இங்கன்னு காட்டுனேன். "எண்ணெய், நெய் சாப்பிட்டா வலி எச்சா வருதா?"ன்னு அடுத்த கேள்வி. எனக்குச் சுர்ருன்னு ஏறிருச்சு. "ஏனுங்க, ஆயிரம் பேரு பந்தியில சாப்பிட்டுட்டு ஏப்பம் விட்டுட்டுப் போறாங்க, ஒருத்தருக்கு வவுத்துவலி வந்ததுன்னு சொல்லுங்க பாக்கலாம்"னேன். அந்தப் பொண்ணு என்னைப் பாக்கவே இல்ல. "நான் அம்மாவைக் கேட்டேன்"னுச்சு. மயிலாத்தா என்ற மூஞ்சியப் பாத்தா. பாத்துட்டு, "இல்லீங்க"ன்னா. அப்பறம் படுக்க வெச்சு விலாவுக்குக் கீழ அமுக்கி, மூச்சை நல்லா இழுங்கன்னாங்க. இவ பாதி மூச்சுல டக்குன்னு நிறுத்திட்டா. "கூச்சசுபாவமுங்க"ன்னு நான்தான் சமாளிச்சு விட்டேன்.

டாக்டரம்மா ஸ்கேனுக்கு எழுதிக் குடுத்தாங்க. வவுத்து மேல ஜெல்லு தடவி உருட்டுவாங்களே, அந்தச் சின்ன ஸ்கேனு. மொத நாள் பொழுதோட சாப்பிட்டுட்டு அப்பறம் ஒன்னும் திங்கக் கூடாது, வெறும் வவுத்தோட வரோணும், தண்ணி மட்டும் நெறையாக் குடிக்கோணும்னு படிச்சுப் படிச்சுச் சொல்லி விட்டாங்க. நீங்களே சொல்லுங்க தம்பி, சட்டியில இருந்தாத்தானே ஆப்பையில வரும்? வவுத்துல ஒன்னுமே இல்லாம அந்த மெசினு எதைப் பாக்கும்? அதுவுமில்லாம ஒடம்பு சரியில்லாத பொம்பளை, அந்தியூர்ல இருந்து பஸ்ஸுல குலுங்கிக்கிட்டு வர்றா. வழியில மயக்கம் போட்டு விழுந்தா ஸ்கேன்காரனா வந்து தூக்குவான்? தண்ணிதானே குடிக்கச் சொன்னாங்க. நான் தண்ணிக்குப் பதிலா தேங்காப்பாலு எடுத்து, ஏலக்காயும் வெல்லமும் தட்டிப்போட்டு ஒரு சொம்பு குடுத்தேன். தண்ணியும் ஆச்சு, தெம்பும் ஆச்சு. "வேண்டாங்க மாமா, தண்ணின்னுதான் சொன்னாங்க"ன்னா. தேங்காயில இருக்கறது தண்ணி இல்லாம வேறென்னடின்னேன். குடிச்சுட்டா.

அங்க போனா ஜெல்லைத் தடவி அந்தக் கட்டையை வெச்சு உருட்டுறாரு, உருட்டுறாரு, ஸ்கேன் டாக்டருக்கு ஒன்னும் புடிபடல. "பித்தப்பை சுருங்கிக் கெடக்குது, காலையில ஏதாச்சும் சாப்பிட்டாங்களா?"ன்னாரு. "பச்சைத்தண்ணி பல்லுல படலீங்க"ன்னேன். ஏன் அப்படிப் பாக்கறீங்க? பொய்யில்லீங்க தம்பி. எங்க தொழில்ல ஒரு கணக்கு இருக்குது. எலை போட்டு உக்காந்து, உப்பு வெச்சு, சோறு விழுந்தாத்தான் அது சாப்பாடு. நின்ன வாக்குல கையில வாங்கிக் குடிக்கறதெல்லாம் சாப்பாட்டுல சேத்தி இல்ல. மண்டபத்துக்காரங்ககிட்டக் கணக்குச் சொல்றப்பவும் எலையைத்தான் எண்ணுவமே ஒழிய டம்ளரையா எண்ணுவோம்?

டாக்டரம்மா படம் போட்டே வெளக்குனாங்க. நமக்கும் புரியாம இல்ல. பித்தப்பைங்கறது கல்லீரலுக்கு அடியில ஒட்டிக்கிட்டிருக்கற ஒரு சின்னப் பை. பட்டினியா இருந்தா அதுல பித்தம் நெறைஞ்சு பலூனாட்ட உப்பிக்கிட்டு இருக்குமாம். உள்ள கல்லு இருந்தா அப்பத்தான் நல்லாத் தெரியுமாம். கொழுப்பா எதையாவது தின்னமுன்னா, செரிக்க வெக்கறதுக்குப் பித்தத்தைப் பிழிஞ்சு விட்டுட்டுப் பை சுருங்கிக்குமாம். சுருங்கிட்டா கல்லு இருக்குதா இல்லையான்னு சொல்றது சிரமமாம். பிழியறப்பக் கல்லு வாசல்ல போயி அடைச்சுக்கிட்டா அதுதான் வலியாம். எல்லாம் சரிதான். தின்னவங்களுக்குத்தானே அந்தப் பாடம்? தின்னாதவளுக்குச் சுருங்குச்சுன்னா அப்ப மெசினுலதான் கோளாறு.

இன்னொருக்கா எடுத்துட்டு வாங்கன்னாங்க. வேற சென்டருக்குக் கூட்டிட்டுப் போனேன். அன்னிக்கு வெறும் வெண்பொங்கலு, அதுவும் உள்ளங்கையளவு, பஸ் ஸ்டாண்டுல ஒரு ஓரமா நிக்க வெச்சு ஊட்டி விட்டேன். அங்கயும் அதே பாட்டு. சுருங்கிக் கெடக்குதாம். ரெண்டு சென்டரு, ரெண்டும் ஓட்டை மெசினு.

அப்பறம் வாய் வழியாக் கொழாய் விட்டுப் பாத்தாங்க. எண்டோஸ்கோப்பி. அதுக்கும் வெறும் வவுறுதானாம். இவங்களுக்கு வேற பேச்சே தெரியாது. அது தொண்டையில கொழாயை விடற வேலை, தாங்கறதுக்குத் தெம்பு வேணுமேன்னு ரவா உப்புமா பண்ணிக் குடுத்தேன். கொழாயை விட்டுட்டு டாக்டரு வெளிய வந்து, "உள்ள சாப்பாடு கெடக்குது, ஒன்னும் பாக்க முடியல"ன்னாரு. டி.வி. பொட்டியில காட்டுனாரு பாருங்க. என்ற உப்புமாதான். கடுகு, கறிவேப்பிலை எல்லாம் அப்படியே தெரியுதுங்க. தொழில் பண்ணி இத்தனை வருசத்துல என்ற சமையலை அந்தக் கோணத்துல நான் பாத்ததே இல்ல. "ராத்திரி சாப்பிட்டது இன்னுமா செரிக்கல?"ன்னாரு. நான் என்னத்தச் சொல்றது? ஆமாங்கன்னேன். இரைப்பை மந்தமா வேலை செய்யுதுன்னு அதுக்கொரு மாத்திரை எழுதிட்டாரு. ரெண்டு மாசம் அதைத் தின்னா. இல்லாத நோவுக்கெல்லாம் மாத்திரை குடுக்கறாங்க தம்பி இந்தக் காலத்துல, அதைத்தான் சொல்றேன்.

அப்பறம் சி.டி. ஸ்கேனு. பெரிய வளையம், அதுக்குள்ள படுக்க வெச்சுத் தள்ளுவாங்க. கையில மருந்து ஏத்துனதும் ஒடம்பு பூரா சூடு பரவுச்சாம். துணியிலயே ஒன்னுக்குப் போயிட்டமோன்னு பயந்து போயி, எறங்கி வந்ததும் சீலையைத் தடவித் தடவிப் பாத்துக்கிட்டா. நல்லாச் சிரிச்சோம் அன்னிக்கு. அதுலயும் ஒன்னும் தெரியல. அவ்வளவு பெரிய மெசினுல தெரியாதது இனி எதுல தெரியப் போகுதுன்னு நானு. அதுக்கு டாக்டரம்மா சொல்லுது, சில கல்லு சி.டி.ல தெரியாதாம், சுத்தியிருக்கற பித்தமும் கல்லும் அதுக்கு ஒரே மாதிரிதான் படுமாம். கல்லைப் பாக்கறதுக்கு அந்தச் சின்ன ஜெல்லு ஸ்கேன்தான் கெட்டிக்காரனாம். ஆனா வெறும் வவுறா இருக்கோணுமாம். மறுபடியும் பாருங்க, அங்கயே வந்து நிக்குது.

"இன்னொருக்கா வாங்கம்மா"ன்னு அவகிட்டச் சொல்லி விட்டாங்க. வெளிய வந்ததும் மயிலாத்தா, "மாமா, அடுத்த தடவை நான் துளசியோட வந்துக்கட்டுங்களா?"ன்னு கேட்டா. துளசிமணின்னு அவ தங்கச்சி. இங்க ஈரோட்டுலதான் ஊடு, பனியன் கம்பெனியில சூப்பர்வைசரு. நாலு பேரை மேச்சு மேச்சு, வாயி அதுபாட்டுக்கு ஓடும். நான் இருக்கறப்ப அவ எதுக்குன்னு சொல்லிட்டேன். பொண்டாட்டிக்கு ஒடம்பு சரியில்லைன்னா புருசன்தானே கூட வரோணும்? நீங்களும் நாளைக்குக் கல்யாணம் பண்ணுவீங்க, இதைக் கத்துக்கோங்க.

அப்பறம் வந்தது முகூர்த்த சீசனு. மயிலாத்தாளைத் துளசிமணி ஊட்டுல விட்டுட்டு நான் பவானிப் பக்கம் ஒரு பெரிய கல்யாணத்துல இருக்கறேன். துளசிமணிகிட்ட இருந்து போனு. அக்காளுக்குக் காய்ச்சலு, வாந்தி நிக்கல, நேத்துல இருந்து ஒரு வாய் எறங்கல, ஆசுபத்திரியில சேத்திருக்கறேன்னா. சாம்பாரு கொதிச்சுட்டு இருக்குது. கூட இருக்கற ஆளுகிட்டக் கரண்டியைக் குடுத்துட்டு அப்படியே வந்தேன். முப்பது கொப்பரை கொதிச்சாலும் பதறாத கை தம்பி இது. அன்னிக்கு வண்டிச் சாவியைப் போடத் தெரியல.

வந்து பாக்கறேன், கண்ணெல்லாம் மஞ்சளா, வெட வெடன்னு நடுங்கிக்கிட்டுக் கெடக்கறா. கட்டலைப் புடிச்சுக்கிட்டேன். பயம்னா அப்படி ஒரு பயம். இவ போயிட்டா நான் ஆருக்குங்க ஆக்கறது? ஆயிரம் எலைக்கு ஆக்குவேன். ஆனா சாப்பிட்டுட்டுத் தலையாட்டறதுக்கு அவ ஒருத்திதானே.

அன்னிக்கு அந்த ஜெல்லு ஸ்கேனு எடுத்தாங்க பாருங்க, வெச்ச ஒடனே தெரிஞ்சுருச்சாம். பை நெறையக் கல்லு. டாக்டரம்மா படத்தைக் காட்டுச்சு, பை நல்லா உப்பிக்கிட்டு, அடியில கல்லெல்லாம் குன்னிமணியாட்ட வரிசையா உக்காந்திருக்குது. ஒரு கல்லு நழுவிப் பித்தக் கொழாய்ல போயி நின்னதுதான் மஞ்சளுக்குக் காரணமாம், அது தானா எறங்கிப் போயிருச்சு, அதிர்ஷ்டம்னாங்க. ஒரு வருசமாத் தெரியாத கல்லு ஒரே நிமிசத்துல தெரியுதுன்னா என்ன அர்த்தம்? அன்னிக்குத்தான் அவங்க மெசினு ஒழுங்கா வேலை செஞ்சிருக்குது. இதை நான் டாக்டரம்மாகிட்டச் சொல்லவும் சொன்னேன். அந்தப் பொண்ணு என்னை ஒரு பார்வை பாத்துட்டு, "அவங்க அன்னிக்கு ஒன்னுமே சாப்பிடலைங்க ஐயா"ன்னுச்சு. துளசிமணி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா. "நெய்யி திங்கறப்பெல்லாம் வலிக்குதுன்னு அக்கா எல்லாத்தையும் டாக்டர்கிட்டச் சொல்லிட்டா, மாமா"ன்னா. மயிலாத்தாளுக்கு அப்படியெல்லாம் பேச வராதுங்க. இவதான் சொல்லிக் குடுத்திருக்கோணும்.

சரி, அது போகட்டும். காய்ச்சலு எறங்கி, மஞ்சளு எறங்கி, ஆப்பரேசனுக்கு இன்னிக்குன்னு தேதி குடுத்தாங்க. கட்டலுக்கு மேல ஒரு அட்டையைத் தொங்க விட்டுட்டாங்க, வாய் வழியா ஒன்னும் குடுக்கக் கூடாதுன்னு. நீங்க பாத்திருப்பீங்க, உங்க அப்பாருக்கும் தொங்குதே. வெடியால வந்து பாக்கறேன், ஒதடு வறண்டு போயி வெடிச்சிருக்குது. மனசு கேக்குமா? துளசிமணி ஊட்டுலயே அரிசி நொய்யில கஞ்சி வெச்சு, பாலு ஊத்தி, கமகமன்னு ஒரே ஒரு கரண்டி நெய் விட்டு ஃப்ளாஸ்க்குல ஊத்திக் கொண்டாந்திருந்தேன். துளசி மருந்து வாங்கக் கீழ போனா. நர்ஸும் அந்தப் பக்கம் போச்சு. தெரையை இழுத்து விட்டுட்டு டம்ளர்ல ஊத்துனேன். "வேண்டாங்க மாமா, நர்ஸு கண்டிசனாச் சொல்லியிருக்குது"ன்னா. நேத்து வந்த நர்ஸு சொன்னாக் கேப்ப, நான் சொன்னாக் கேக்க மாட்டியான்னேன். வாங்கிக் குடிச்சா. கண்ணுல தண்ணி வந்துச்சு. சூடா இருந்துதாட்ட இருக்குது. ஆராச்சும் கேட்டா இல்லைன்னு சொல்லிருன்னு சொல்லித்தான் உள்ள தாட்டி விட்டேன்.

உங்க அப்பாருக்குக்கூட அரை டம்ளரு நீட்டுனேன். கையெடுத்துக் கும்பிட்டுட்டாரு. நல்ல வைராக்கியமான மனுசன். மீதி இன்னும் இருக்குது, நீங்க ஒரு வாய் குடிக்கறீங்களா? காலம்பற பஸ்ஸுல வந்திருப்பீங்க.

ஏனுங்க எந்திரிக்கறீங்க?

எதை நர்ஸ்கிட்டச் சொல்லோணும்? கஞ்சிதானுங்க தம்பி. எலை போட்டா குடுத்தேன்? மயக்க மருந்து குடுத்தா என்னாகும்? என்ன, நெஞ்சுக்கு ஏறுமா? நீங்க டாக்டருக்கா படிக்கறீங்க? அப்பறம் எப்படி உங்களுக்கு... உங்க அப்பாருக்குச் சொன்னாங்களா. எங்களுக்கும் சொன்னாங்க. அவங்க ஆயிரஞ் சொல்லுவாங்க. உக்காருங்க. கையை விடுங்க தம்பி.

இருங்க. என்னையத்தான் கூப்புடறாங்க. மயிலாத்தா கூட ஆருன்னு கேக்கறாங்க. நான் போயிட்டு வந்தர்றேன், பையைப் பாத்துக்கோங்க.

* * *

கொஞ்சம் நகருங்க தம்பி. இல்ல, தண்ணியெல்லாம் வேண்டாம்.

ஒன்னும் ஆகல. ஆப்பரேசன் பண்ணல. கத்தியே வெக்கல. இன்னிக்கு இல்லை, நாளைக்குத்தான்னுட்டாங்க.

மேசையில படுக்க வெச்சுட்டாங்களாம். மயக்க மருந்து டாக்டரு கேட்டிருக்காரு, ஏதாச்சும் சாப்பிட்டீங்களாம்மான்னு. இல்லைன்னிருக்கா. நான் சொல்லி விட்டபடிக்கு. நர்ஸும் ஒருக்கா கேட்டிருக்குது, அதுக்கும் இல்லைன்னிருக்கா. அப்பறம் மூஞ்சிக்கிட்ட மாஸ்க்கைக் கொண்டு போனாங்களாம். அதைக் கையில புடிச்சு அக்கட்டால தள்ளிட்டு, "கஞ்சி குடிச்சனுங்க, எங்கூட்டுக்காரரு குடுத்தாரு, பயமா இருக்குதுங்க"ன்னு அழுதிருக்கா. அத்தனை பேரு முன்னாடி தம்பி. எனக்கு எப்படி இருக்கும்? கல்யாணமான நாள்ல இருந்து என்னை அவ எங்கயும் விட்டுக் குடுத்ததில்லீங்க. இன்னிக்குக் காட்டிக் குடுத்துட்டா.

அந்த டாக்டரு என்னைப் புடிச்சு உலுக்காத கொறை. நீங்க சொன்னதையேதான் அவரும் சொன்னாரு. மயக்கத்துல இரைப்பையில கெடக்கறது மேல ஏறி நுரையீரலுக்குள்ள போயிருமாம். பாலும் நெய்யும்னா இன்னும் மோசமாம். மேசையிலயே முடிஞ்சிருக்கும்யான்னாரு. யான்னுட்டாரு. ஆயிரம் பேருக்கு ஆக்கிப் போட்ட ஆளை. அந்தக் கஞ்சியை நான் எப்படி ஆத்தி ஆத்திக் குடுத்தேன்னுதான் கண்ணு முன்னால ஓடுச்சு.

அவளை வெளிய கொண்டாந்து தெரைக்குப் பின்னால படுக்க வெச்சிருக்காங்க. டாக்டரம்மாவும் பக்கத்துல நின்னாங்க. நான் போயி, "ஏன் அம்மிணி, எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்ல"ன்னேன். அவ சொன்னா, "எத்தனையோ தடவை சொன்னனுங்க மாமா." அவ்வளவுதான். அப்பறம் கண்ணை மூடிக்கிட்டா. தூங்கிட்டான்னு நெனச்சுக் கெளம்பப் பாத்தேன். கண்ணைத் தொறக்காமயே சொன்னா, "நாளைக்கு நீங்க வர வேண்டாங்க. துளசி இருக்கட்டும்."

எனக்கு அலைச்சலுன்னு பாக்கறாளுங்க. ரெண்டு நாளா நான் தூங்கலைன்னு அவளுக்குத் தெரியும். அந்தப் பாசத்துலதான் சொல்றா. அப்படித்தானுங்களே? ஏனுங்க கீழ பாக்கறீங்க?

சொல்லுங்க தம்பி.

சரி, நீங்க எப்படியும் நாளைக்கு வருவீங்க. அப்பாரு கூடத்தானே இருப்பீங்க. அவளை உள்ள கூட்டிட்டுப் போறதுக்கு முன்னால நீங்க அவகிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லோணும். நான் வார்டுக்கு வர மாட்டேன். மாடியே ஏற மாட்டேன். கீழ கேட்டுக்குப் பக்கத்துல, மரத்தடியில நிப்பேன். கையில ஃப்ளாஸ்க்கு, சொம்பு, டிபன்பொட்டி ஒன்னும் இருக்காது. வெறுங்கையோடதான் நிக்கறேன், பயப்படாமப் போன்னு சொல்லுங்க. நீங்கதான் சொல்லோணும். நான் சொன்னா அவ நம்ப மாட்டா.